கூடைப்பந்தாட்டத்தின் தந்தை ஜேம்ஸ் நெய்ஸ்மித்

விளையாட்டு உடலுக்கு உரமும் உள்ளத்திற்குப் பண்பும் தருவது என்பதனைப் பரிசளிப்பு விழா மேடைகளில் நாம் பலகாலும் கேட்டு வந்துள்ளோம். ஆயின் மைதானத்தின் ஓரத்தில் நின்று நோக்குவோர்க்குச் சிலவேளைகளில் வேறொரு காட்சியும் புலனாகும். பிள்ளைகள் ஒழுங்காய் ஆடிக்கொண்டிருப்பர். அவர்தம் பயிற்றுநரோ கோட்டருகே நின்று, கைகளை வீசி, மத்தியஸ்தரை ஏசிக்கொண்டிருப்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் பாடசாலை மைதானமொன்றில் நாம் கண்ட நிகழ்ச்சி இது. பதினைந்து வயதிற்குட்பட்டோர் கூடைப்பந்தாட்டப் போட்டி. மத்தியஸ்தராய் நின்றவர் இருபது வயது தாண்டாத இளைஞர். ஒரு பக்கத்துப் பயிற்றுநர் அவருடைய தீர்ப்பு ஒவ்வொன்றையும் உரத்த குரலில் மறுத்து நின்றார். இளைஞர் எச்சரித்தாருமல்லர், தண்டித்தாருமல்லர். பிற்பாதி ஆட்டத்தில் அப்பயிற்றுநரின் பிள்ளைகளும் அவரைப் போலவே கைவீசத் தொடங்கினர். ஆட்டம் முடிந்ததும் இளைஞர் விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சென்றார். அதன்பின் அவரை எந்த மைதானத்திலும் நாம் கண்டிலோம். பயிற்றுநரின் குத்தல் மொழி கேட்டுக் கூட்டம் நகைத்தபோது நாமும் உடன் நகைத்தோம் என்பதனை இங்கு மறைத்தல் தகாது. அந்நகைப்பு நெடுநாள் எம்மை உறுத்தியது. இவ்வாட்டத்தை ஆக்கியவர் எதனைக் கருதி ஆக்கினார் என்று அறிய விரும்பினோம். அவ்வாறு நாம் அறிந்த வாழ்க்கையையே நம் கல்லூரியின் இம்மலரில் பழைய மாணவர் முன் வைக்கின்றோம்.

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1861ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஆல்மொன்ட் என்னும் ஊரின் அருகே பிறந்தார். பெற்றோர் ஸ்கொத்லாந்திலிருந்து குடியேறிய குடும்பத்தினர். 1870இல் நெருப்புக் காய்ச்சல் அக்குடும்பத்தைத் தாக்கிற்று. தந்தையும் தாயும் சில வாரங்களுக்குள் ஒருவர்பின் ஒருவராய் இறந்தனர். ஒன்பது வயதுச் சிறுவன் தமக்கையோடும் தம்பியோடும் அநாதையாயினான். பின்னர்த் தாய்மாமனாகிய பீற்றர் யங் என்பார் அப்பிள்ளைகளை வளர்த்தார். வயல் வேலையும் மரவேலையும் செய்து வளர்ந்த நெய்ஸ்மித், பள்ளியைப் பாதியில் விட்டுக் காடுகளில் மரந்தறிக்கும் தொழிலுஞ் செய்தார். சில ஆண்டு கழிந்தபின் தாமே மனந்திரும்பி, தம்மினும் இளைய மாணவரோடு ஒரே வகுப்பிலிருந்து விட்ட கல்வியைத் தொட்டு முடித்தார்.

அவ்வூர்ச் சிறுவர் ஆடிய ஆட்டமொன்று ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. பெரிய பாறையொன்றின்மேல் ஒரு கல்லை வைத்து, மற்றையோர் தம் கற்களால் எறிந்து அதனை வீழ்த்துவர். வேகமாய் நேரே எறிந்தவன் கல் குறி தவறினால் நெடுந்தூரம் ஓடிவிடும். அதனை எடுத்துவரப் போனவன் பிடிபடுவான். மெல்ல உயர்த்தி வளைவாய் எறிந்தவனுக்கோ அவ்வின்னல் குறைவு. வன்மையினும் நிதானம் பயன் தரும் என்னும் இப்பாடம் இருபது ஆண்டு கழித்து அவருக்கு உதவுவதாயிற்று.

1883இல் நெய்ஸ்மித் மொன்றியால் நகரத்து மக்கில் பல்கலைக்கழகம் புகுந்தார். பட்டம் பெற்றபின் அந்நகரத்துப் பிரெஸ்பிற்றேரியன் கல்லூரியில் இறையியல் பயின்றார். சமயகுருவாதலே அவருடைய நோக்கம். அதேவேளை தேகப்பயிற்சியிலும் உதைபந்தாட்டத்தின் ஓர் இனமாகிய றக்பியிலும் மிக்க ஊக்கமுடையவராயிருந்தார். இறைபணிக்குச் செல்வோன் மைதானத்தில் முட்டி மோதுதல் தகாது என அவருடைய தமக்கையும் நண்பர் சிலரும் கருதினர். அவர் மனத்திலும் இவ்வையம் இருந்ததாதல் வேண்டும். அதனைத் தீர்த்தது ஓர் ஆட்டத்தில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி. அவரருகே ஆடிய தோழர் ஒருவர் சினம் மிகுந்து இழிசொல் ஒன்றைக் கூறிவிட்டார். உடனே திரும்பி நெய்ஸ்மித்தைக் கண்டதும் நாணி மன்னிப்புக் கேட்டார். நெய்ஸ்மித் அவரை ஒருநாளும் கடிந்தவரல்லர். இவர் அருகில் நிற்கின்றார் என்னும் நினைவே அத்தோழர் நாவை அடக்கிற்று. பிரசங்க மேடையில் செய்யத்தகும் நன்மையை மைதானத்திலும் செய்யலாகும் என்னும் துணிவு இதனாற் பிறந்தது.

1890இல் அவர் ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் ஸ்பிறிங்பீல்ட் நகரிலிருந்த கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிக் கலாசாலையைச் சேர்ந்தார். அங்குத் தேகப்பயிற்சிப் பகுதிக்குத் தலைவராயிருந்தவர் லூதர் குலிக். 1891ஆம் ஆண்டின் மாரிக்காலத்தில் அக்கலாசாலைக்கு ஓர் இடர் நேர்ந்தது. வெளியே பனி, உள்ளே சலிப்பூட்டும் உடற்பயிற்சி. பதினெண்மர் கொண்ட வகுப்பொன்று அதனை வெறுத்து அடங்காது நின்றது. ஆசிரியர் இருவர் முயன்று தோல்வியுற்றனர். குலிக் அவ்வகுப்பை நெய்ஸ்மித்திடம் ஒப்படைத்து, மண்டபத்துள் ஆடத்தக்க புதிய ஆட்டமொன்றைப் பதினான்கு நாளுள் ஆக்குமாறு பணித்தார்.

வெளியில் ஆடும் ஆட்டங்களை உள்ளே கொணர்ந்து பார்த்தார், ஒன்றும் பொருந்தவில்லை. இடம் குறுகியது, சுவர்களோ கடியன, காயமே மிஞ்சிற்று. தவணை முடியும் தறுவாயில் அவர் செய்தது மாணவரைக் கடிந்துரைத்தலன்று. முரட்டுத்தனம் எங்கிருந்து பிறக்கின்றது என ஆராய்தலேயாம். பந்தைக் கையிற் கொண்டு ஒருவன் ஓடுவதனாலேயே அவனை மற்றவன் இழுத்து வீழ்த்த நேரிடுகின்றது. ஓடுதலை விலக்கினால் வீழ்த்துதலுக்கு வேலையில்லை. இலக்கு நிலத்தையொட்டி நேரே நிற்பதனாலேயே பந்தை வலிந்து அடிக்கின்றனர். இலக்கைத் தலைக்குமேலே கிடையாய் அமைத்தால் மெல்ல வளைத்து எறிதல் வேண்டும். பாறைமேற் கல் வைத்தாடிய இளமை நினைவு இங்கு அவருக்குத் துணைநின்றது. பெட்டிகள் கேட்டவருக்குக் கலாசாலைக் காவலாளி பீச்சுப் பழக் கூடைகள் இரண்டனைக் கொடுத்தார். மண்டபத்து மாடி விளிம்பு பத்தடி உயரத்திலிருந்தது. கூடைகளை அதில் ஆணியிட்டு அறைந்தார். இன்றும் உலகெங்கும் வளையம் பத்தடி உயரத்தில் நிற்றற்குக் காரணம் இதுவே.

1891 டிசம்பர் 21ஆம் நாள், பதின்மூன்று விதிகளைத் தட்டச்சிற் பொறித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். பக்கத்திற்கு ஒன்பதின்மராக ஆட்டம் தொடங்கிற்று, மத்தியஸ்தர் நெய்ஸ்மித்தே. ஒரே ஒரு கூடைதான் விழுந்தது; அதனை எறிந்தவர் வில்லியம் சேஸ் என்னும் மாணவர். அடங்காதாருட் தலைவராய்க் கருதப்பட்ட பிராங் மாகன் என்பார் புதிய ஆட்டம் என்றதும் முதலில் அலுத்துக்கொண்டார். சின்னாட்களின் பின் இவ்வாட்டத்திற்குப் பெயர் வேண்டும் என்று கேட்டு வந்தவரும் அவரே. நெய்ஸ்மித்தின் பெயரையே வைக்கலாமென்றார்; ஆசிரியர் நகைத்து மறுத்துவிட, கூடையும் பந்தும் இருத்தலாற் கூடைப்பந்து என்றே வைத்தனர். எதிர்த்து நின்றவனே பெயரிட வந்தான் என்பதில் ஆசிரியர் அனைவரும் கற்கத்தக்க பாடம் உண்டு.

அப்பதின்மூன்று விதிகளையும் ஊன்றி நோக்குவார்க்கு அவற்றிற் பெரும்பகுதி ஒழுக்கம் பற்றியதென்பது விளங்கும். தோளால் இடித்தல், பிடித்தல், தள்ளல், காலிடறல், அடித்தல் என்பன விலக்கப்பட்டன. முதன்முறை செய்தால் அது தவறு எனக் கொள்ளப்படும். இரண்டாம் முறை செய்தவன் அடுத்த கூடை விழும்வரை வெளியே நிற்றல் வேண்டும். காயப்படுத்தும் எண்ணம் வெளிப்படின் ஆட்டம் முடியும்வரை நீக்கம். அவனுக்குப் பதிலாள் இல்லை. ஒரு பக்கத்தார் தொடர்ந்து மூன்று தவறு செய்யின் எதிர்ப்பக்கத்துக்கு ஒரு கூடை கணக்கிடப்படும். மேலும் அதிகாரிகள் இருவர் வகுக்கப்பட்டனர். அம்பயர் எனப்படும் நடுவர் ஆட்டக்காரரை நோக்குபவர். தவறுகளைக் குறிப்பதும் ஒருவனை நீக்குவதும் அவர் உரிமை. றெபரி எனப்படும் மத்தியஸ்தர் பந்தை நோக்குபவர். பந்து யாருக்குரியது, கூடை விழுந்ததா, நேரம் எவ்வளவு என்பவற்றைத் தீர்ப்பவர். பந்தின் போக்கை அறிதல் ஒன்று, மனிதரின் போக்கை அறிதல் மற்றொன்று என்பதனை முதல்நாளிலேயே அவர் உணர்ந்திருந்தார். பயிற்றுநர் என்னும் சொல் அப்பதின்மூன்று விதிகளுள் ஓரிடத்திலும் இல்லை என்பதும் கருதத்தக்கது.

1892 மார்ச் மாதத்தில் ஆசிரியர்க்கும் மாணவர்க்குமிடையே பொதுமக்கள் முன்னிலையில் ஆட்டம் நடந்தது. மாணவர் ஐந்துக்கு ஒன்றாக வென்றனர். அதே ஆண்டிலே சென்டா பெறென்சன் என்னும் ஆசிரியை ஸ்மித் கல்லூரி மாணவியர்க்கு இதனைக் கற்பித்தார். அவ்வாட்டம் இங்கிலாந்திற் சென்று திருந்தி, நம் பெண்பிள்ளைகள் ஆடும் வலைப்பந்தாட்டமாயிற்று. முதல் வகுப்பில் ஆடிய டங்கன் பற்றன் இந்தியாவுக்கு இதனைக் கொணர்ந்தார். ஸ்பிறிங்பீல்டிற் பயின்ற ஹரி குறோ பக் என்பார் 1920இல் சென்னையில் நிறுவிய தேகப்பயிற்சிக் கல்லூரியில் இலங்கையரும் சென்று பயின்றனர் என்பதால் நமக்கும் இம்மரபோடு உறவுண்டு.

ஆட்டம் பரவப் பரவ முரட்டுத்தனமும் உடன் பரவிற்று. வாலிபர் சங்கங்கள் சில தம் மண்டபங்களில் இதனைத் தடைசெய்யவுந் துணிந்தன. வெற்றியையே விரும்பிய நிறுவனங்கள் பயிற்றுநரை அமர்த்தின. அவருட் சிலர் ஓரத்தில் நின்று ஆட்டக்காரரை ஏவவும் அதிகாரிகளோடு வாதாடவுந் தலைப்பட்டனர். 1910ஆம் ஆண்டுப் பருவத்திலே விதி வகுத்தோர் இதற்கொரு கட்டுத் தளையிட்டனர். ஆட்டம் நடக்கும்போது எப்பக்கத்தைச் சார்ந்தவரும் பயிற்றுமொழி கூறலாகாது, முதன்முறை எச்சரிக்கை, அதன்மேல் எதிர்ப்பக்கத்துக்கு ஓர் எறி. நெய்ஸ்மித் கையாண்ட முறையே இதிலுங் காணப்படுகின்றது. முதலிற் கூறுக, பின்னும் செய்யின் அளந்து தண்டிக்க, உடனே ஆட்டத்தைத் தொடர்க.

நெய்ஸ்மித்தோ 1895இல் டென்வர் நகரஞ் சென்று, வாலிபர் சங்கத்திற் பணியாற்றிக்கொண்டே வைத்தியம் பயின்று 1898இற் பட்டம் பெற்றார். அவ்வாண்டே கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் வழிபாட்டுத் தலைவராகவும் தேகப்பயிற்சி ஆசிரியராகவும் அமர்ந்தார். 1899 பெப்ரவரியில் அவர்தம் மாணவர் முதன்முதல் வெளியாரோடு ஆடி, பதினாறுக்கு ஐந்தாகத் தோற்றனர். 1907 வரை அவ்வணிக்கு அவரே பொறுப்பாளர். வென்றவை 55, தோற்றவை 60. அப்பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநருள் வெற்றியினும் தோல்வி மிகுதியாயுடையவர், ஆட்டத்தை ஆக்கிய அவர் ஒருவரேயாவர். தம் அணி ஆடிய ஆட்டங்களிலும் அவர் பலமுறை மத்தியஸ்தராய் நின்றதுண்டு. இக்காலத்தில் எவரும் இதற்கு இசையார்.

அவரிடம் பயின்ற பொக் அலன் என்பார் வேறொரு கல்லூரிக்குப் பயிற்றுநராகப் போவதாய்க் கூறியபோது, இவ்வாட்டம் ஆடுதற்குரியதேயன்றிப் பயிற்றுதற்குரியதன்று என நெய்ஸ்மித் கூறினாராம். அலன் அதனை ஏற்றிலர். பின்னர் அலனே கன்சாஸில் 1956 வரை பயிற்றுநராய் விளங்கி, பயிற்றுந் தொழிலுக்கே தந்தையெனப் போற்றப்பட்டார். ஆசிரியரும் மாணவரும் ஒரே ஊரில், ஒரே பல்கலைக்கழகத்தில், வெவ்வேறு கொள்கையினராய் வாழ்ந்தனர். ஆயினும் ஒருவரையொருவர் மதித்தே வாழ்ந்தனர். ஆட்டம் ஆடுவோர்க்கு உரியது என்றவர் நெய்ஸ்மித். நன்கு ஆடக் கற்பிப்பவன் வேண்டும் என்றவர் அலன். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு.

முதல் உலகப் போர்க்காலத்தில் நெய்ஸ்மித் படைப்பிரிவுக் குருவாகவும், பின்னர்ப் பிரான்ஸ் தேசத்தில் வாலிபர் சங்கத் தொண்டராகவும் பணிபுரிந்தார். 1933இல் ஜோன் மக்லெண்டன் என்னும் கறுப்பின மாணவர் கன்சாஸுக்கு வந்தார். பல்கலைக்கழக அணியிற் சேர அவருக்கு இடமில்லை. தந்தையார் சொற்படி அவர் நேரே நெய்ஸ்மித்திடஞ் சென்று, தாங்களே எனக்கு வழிகாட்டி என்றார். நெய்ஸ்மித் அவரை ஏற்று, நீச்சற்குளத்தில் நிறங்காட்டி மறுத்த வழக்கத்தை அவர் எதிர்த்தபோதும் உடன்நின்றார். அணியில் ஆட இடம்பெறாத அம்மாணவர் பின்னாளில் தாமே புகழ்பெற்ற பயிற்றுநராகி, 1957, 1958, 1959 ஆகிய மூவாண்டும் தொடர்ந்து தேசிய வெற்றிக்குத் தம் அணியை நடத்தினார். நல்ல பயிற்றுநரைப் பயிற்றுநர்மேல் ஐயமுடைய நெய்ஸ்மித்தே உருவாக்கினார் என்பது வியக்கத்தக்கது.

1936இல் பேர்லின் ஒலிம்பிக்கிற் கூடைப்பந்தாட்டம் முதன்முதற் சேர்க்கப்பட்டது. அவ்விழாவுக்குச் செல்ல நெய்ஸ்மித்திடம் பொருளில்லை. பயிற்றுநர் சங்கத்தார் நாடெங்கும் ஆட்டங்களிற் சிறுதொகை திரட்டி அவரை அனுப்பினர். திறந்த வெளியில், மழையில் நனைந்த மண்மேல் இறுதியாட்டம் நடந்தது. அமெரிக்கா கனடாவை 19க்கு 8ஆக வென்றது. தாம் பிறந்த நாட்டுக்கும் தாம் வாழ்ந்த நாட்டுக்கும் மூன்றாமிடம் பெற்ற மெக்சிக்கோவுக்கும் அம்முதியவரே பதக்கங்களை வழங்கினார். 1939 நவம்பர் 28ஆம் நாள், தமது எழுபத்தெட்டாம் வயதில், லோறன்ஸ் நகரில் அவர் மறைந்தார்.

அவர் மறைந்து பத்தாண்டுக்குள், 1948-49ஆம் பருவத்தில், இடைநிறுத்த வேளையிற் பயிற்றுநர் தம் ஆட்டக்காரரோடு பேசலாமென அமெரிக்க விதி தளர்ந்தது. அவர் பெயர் தாங்கிய புகழ்மன்றம் 1959இல் முதன்முதல் உறுப்பினரை ஏற்றது. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அப்பதின்மூன்று விதித்தாள் 2010இல் நாற்பத்துமூன்று இலட்சம் டொலருக்கு மேல் விலைபோய், இப்பொழுது கன்சாஸ் பல்கலைக்கழகத்திலே உள்ளது.

இவ்வரலாற்றை அறிந்தபின் அன்று மேசைமேல் விசிலை வைத்துச் சென்ற இளைஞரை மீண்டும் நினைந்தோம். இன்று பயிற்றுநர் எழுந்து நின்று தம் பிள்ளைகளுக்கு வழிகூறலாம். அவ்வுரிமையை விதி அவருக்கு வழங்கியுள்ளது. மத்தியஸ்தரை இழிவுசெய்யும் உரிமையை எவ்விதியும் வழங்கியதில்லை. சர்வதேச விதிப்படி அத்தகையார்மேல் ஒழுக்கத்தவறு சாற்றி எதிர்ப்பக்கத்துக்கு ஓர் எறி கொடுக்கலாம். தம் நடத்தையாலேயே இருமுறை அத்தவறு பெற்ற பயிற்றுநர் ஆட்டத்தினின்று நீங்குதல் வேண்டும். ஆகவே இளம் மத்தியஸ்தர்க்குக் கருவி இல்லாமலில்லை. அதனை எடுக்கும் துணிவே வேண்டற்பாலது. பயிற்றுநர் ஐயம் கேட்டால் அமைதியாய் ஒரு சொல்லில் விடை கூறுக. மீண்டும் கூவினால் அருகே சென்று, பிறர் நகையாதவாறு, ஒருமுறை எச்சரிக்க. அதன்மேலும் கூவினால் முகம் மாறாது தண்டித்துப் பந்தை உடனே ஆட்டத்திற்கு விடுக. வாதாடுதலும் பழிவாங்குதலும் ஆகா. முதற் கூச்சலைக் கேளாததுபோல் விட்டவர்க்கு இறுதிக் கூச்சலை அடக்கல் அரிது. அன்று அவ்விளைஞர் தவறியது இவ்விடத்திலேயே. ஆயின் இதனை அவருக்குக் கற்பித்திருக்க வேண்டியவர் அருகில் நின்ற பெரியோராகிய நாமே. நாமோ நகைத்தோம்.

நெய்ஸ்மித் அருகில் நிற்கின்றார் என்னும் நினைவு ஒருவர் நாவை அடக்கிற்று எனக் கண்டோம். மைதான ஓரத்தில் நிற்கும் பழைய மாணவராகிய நாமும் அத்தகையோராய் நிற்றல் கூடும். நம் பக்கத்துப் பயிற்றுநர் வரம்பு மீறும்போது அவர் தோளைத் தொட்டு அமர்த்துவது நம் கடன். எதிர்ப்பக்கத்தார் மீறும்போது நகையாதிருப்பதும் நம் கடன். இந்த நிறைவிழா ஆண்டில் நம் மைதானத்தில் நடைபெறும் ஆட்டம் ஒவ்வொன்றின் முடிவிலும், வென்றோமாயினும் தோற்றோமாயினும், பழைய மாணவர் ஒருவர் முன்சென்று மத்தியஸ்தர்க்குக் கைகொடுத்து நன்றி கூறும் வழக்கம் தொடங்குமாயின், இவ்வரலாற்றை எழுதிய பயனை நாம் பெற்றவராவோம்.